இரண்டடித் தொட்டிக்கு ஏற்ற கூட்டம்

றக்வானயில் மீன் வளர்ப்பவருக்குத் தண்ணீரே பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடுகிறது. மலையில் ஊறி, தேயிலைக்கு ஊடாக இறங்கி, பீலியில் விழுந்து லயங்களுக்கு வரும் இந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு மிகக் குறைவு. கேத்தலின் அடியில் வெள்ளை படிவதில்லை. சவர்க்காரம் ஒரு தேய்ப்பிலேயே நுரைத்துவிடும். பீலித் தண்ணீரில் குளோரினும் கிடையாது. நான் இந்தத் தொழிலைப் படித்தது கொழும்பில், ஓர் அலங்கார மீன் கடையில். அங்கே இப்படியான மென்னீர் வேண்டும் என்பதற்காக மழை பெய்யும் நாட்களில் கூரைத் தண்ணீரை நீலப் பீப்பாய்களில் பிடித்து மூடி வைப்போம். ஊருக்குத் திரும்பி பஸார் வீதியில் சின்னக் கடை ஒன்று போட்டபோது, அந்தப் பீப்பாய்களுக்கு இங்கே தேவையே இருக்கவில்லை.

கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எந்த மீனோடு எந்த மீனை விடலாம்? கொழும்புக் கடைகளில் இதற்கு ஓர் அட்டவணை சுவரில் தொங்கும். மேலே மீன்களின் பெயர்கள், பக்கத்திலும் அதே பெயர்கள், சந்திக்கும் கட்டங்களில் சரியும் பிழையும். நான் அதை மாட்டவில்லை. டைகர் பார்புக்கும் கௌராமிக்கும் நேரே ஒரு பிழை போட்டிருக்கும். நாலடித் தொட்டியில் பத்து டைகர் பார்போடு பெரிய முத்துக் கௌராமி அமைதியாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். செரி பார்புக்கும் செரி பார்புக்கும் நேரே சரி போட்டிருக்கும். ஒன்றரை அடித் தொட்டியில் இரண்டு ஆணும் ஒரு பெண்ணும் விட்டால் அந்தப் பெண் ஒரு கிழமைக்குள் மூலையில் ஒதுங்கிவிடும். பொருத்தம் என்பது மீனின் பெயரில் மட்டும் இல்லை. தொட்டியின் நீளத்திலும், எண்ணிக்கையிலும், தண்ணீரிலும், சாப்பாடு போடும் விதத்திலும் இருக்கிறது.

இதை நான் விளக்கமாகச் சொல்ல நேர்ந்தது ஒரு டீச்சருக்கு. தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறார். வீட்டில் வைக்க ஓர் இரண்டடித் தொட்டி வேண்டும் என்று வந்தார். கையில் ஒரு கொப்பித்தாள்.

“அண்ணே, எல்லாம் ஆசிய மீனா இருக்கணும். தென்னமெரிக்க மீன் ஒன்னும் வேணாம். பிள்ளைங்களுக்குக் காட்டணும், நம்ம பக்கத்து மீன் எவ்வளவு அழகுன்னு.”

அந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடித்தது. நியோனும் ஏஞ்சலும் கப்பியும் எல்லாமே அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கத்து மீன்கள். இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் அலங்கார மீன்களிலும் கப்பிக்குத்தான் முதலிடம். அதனால் நம் பிள்ளைகள் பலர் கப்பியை நம் ஊர் மீன் என்றே நினைக்கிறார்கள். டீச்சரின் தாளில் இருந்தவை: இரண்டு டைகர் பார்ப், ஒரு பைட்டர், இரண்டு குட்டைக் கௌராமி, நாலு வைட் கிளவுட், இரண்டு கெலக்ஸி ரஸ்போரா, ஒரு மிஸ் கேரளா, அடியில் இரண்டு குலி லோச். எல்லாம் ஆசிய மீன்தான். ஒன்றாகச் சேர்க்கவே முடியாத கூட்டம்.

ஆசியா பெரியது. வைட் கிளவுட் சீனாவின் குவாங்சோ நகருக்கு அருகே உள்ள வெண்முகில் மலையின் ஓடைகளில் 1932இல் அறியப்பட்ட மீன். அதற்குப் பதினெட்டு முதல் இருபத்திரண்டு பாகை வரையான குளிர் நீர் சுகம். பைட்டர் சியாம் சமவெளியின் வயல்களிலும் சதுப்புகளிலும் வாழும் மீன்; தண்ணீர் குளிர்ந்தால் செட்டையைச் சுருக்கிக்கொண்டு மூலையில் கிடக்கும். இரண்டையும் ஒரே கண்ணாடிக்குள் விட்டால் எந்த வெப்பநிலை வைத்தாலும் ஒன்றுக்குத் துன்பம். கெலக்ஸி என்று கடையில் சொல்லும் சின்ன நட்சத்திரப் புள்ளி மீன் 2006இல் மியன்மாரின் மலைக் குட்டைகளில் கிடைத்தது. 2007இல் அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார்கள். உயரமான இடம்தான், ஆனால் அங்கே தண்ணீர் சற்றுக் காரமானது. நம்முடைய மென்னீரில் அது நாளாக நாளாக மங்கிப் போகிறது. மிஸ் கேரளா, மேற்குத் தொடர்ச்சி மலையின் வேகமான ஆறுகளில் நீந்தும் மீன். கடையில் விரல் நீளம் இருக்கும். வளர்ந்தால் பதினைந்து சென்டிமீற்றர் வரும். ஓட்டமான நீரும் நாலடி நீளமும் இல்லாமல் அதை வைத்திருப்பது அநியாயம். இந்த மீனை ஆற்றிலிருந்து அள்ளி அள்ளி ஏற்றுமதி செய்ததில் அது அருகிப் போய், 2008இல் கேரள அரசு பிடிப்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது. இன்று சென்னை கொளத்தூர்ச் சந்தைக்கும் நம் பக்கத்துக்கும் வருவதில் பண்ணையில் வளர்த்தவை இருக்கின்றன. வாங்குகிறவர் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

டைகர் பார்பைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கெட்ட பெயர் அதற்குத்தான் அதிகம். சுமாத்திராவும் போர்னியோவும் அதன் பூர்வீகம். கூட்டமாக வாழும் மீன். கூட்டத்துக்குள் ஓயாமல் ஒன்றையொன்று துரத்தும், யார் பெரியவர் என்று பார்க்கும், அதில் யாருக்கும் காயம் வராது. இரண்டே இரண்டை வாங்கிக்கொண்டு போனால், துரத்துவதற்குத் தன் இனம் போதாமல், பக்கத்தில் மெதுவாகப் போகிறவரின் வாலைக் கடிக்கும். பைட்டரின் நீண்ட செட்டையும் கௌராமியின் வயிற்றிலிருந்து தொங்கும் நூல்களும் அதற்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன. இதைத் தெரியாமல் இரண்டிரண்டாக வாங்குகிறவர்கள்தான் அதைச் சண்டைக்கார மீன் என்கிறார்கள். எட்டுப் பத்து விட்டால் நல்ல மீன். ஆனால் இரண்டடித் தொட்டியில் எட்டு டைகர் பார்ப் விட்டபிறகு வேறு எதற்கும் இடமில்லை.

குட்டைக் கௌராமியை இப்போது நான் எடுப்பதேயில்லை. பெரிய பண்ணைகளிலிருந்து வரும் சரக்கில் ஒரு வைரஸ் நோய் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. அதற்கு மருந்து இல்லை. அதே கங்கை, பிரமபுத்திரா பக்கத்திலிருந்து வரும் தேன் கௌராமி சிறியது, சாந்தமானது. கௌராமிதான் வேண்டும் என்பவருக்கு அதைத்தான் கொடுக்கிறேன்.

இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்ததில் டீச்சரின் முகம் வாடிவிட்டது. “அப்ப என்னதான் விடறது?” என்றார்.

முதலில் தொட்டியைப் பார்க்கச் சொன்னேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் ஐம்பத்தாறு லீற்றர். கல்லும் மணலும் போட்டு, மேலே இரண்டு விரல் விட்டால், மீனுக்கு மிஞ்சுவது நாற்பத்தைந்து லீற்றர் அளவுதான். இவ்வளவு தண்ணீரில் ஏழு வகையில் இரண்டிரண்டு விடுவதைவிட இரண்டே வகையில் எட்டெட்டு விடுவது நல்லது. இதைச் சொன்னால் எவரும் உடனே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வகை குறைந்தால் அழகு குறையும் என்று நினைக்கிறார்கள். கூட்ட மீன் கூட்டமாக இருக்கும்போதுதான் நிறத்தைக் காட்டும். ஆண் மீன் சிவப்பதும் கறுப்பதும் பெண்ணுக்காக மட்டும் இல்லை, எதிரே இன்னோர் ஆண் நிற்பதற்காகவும்தான். ஒற்றை ஆண் மீனுக்கு அந்தத் தேவை இல்லை. வெளிறிப்போய்ச் சும்மா இருக்கும்.

பிறகு நம் மலையைப் பற்றிச் சொன்னேன். றக்வான மலைத்தொடர் வீட்டுக் கூரையின் முகடுபோல மழையைப் பிரித்து அனுப்புகிறது. ஒரு பக்கம் விழுவது றக்வான கங்கையாகி வளவையில் சேர்கிறது. மறுபக்கம் விழுவது களு கங்கைக்கு. தெனியாயப் பக்கம் விழுவது ஜின் கங்கைக்கும் நில்வலா கங்கைக்கும். பார்ப்பதற்கு ஒரே மலை, ஒரே மழை. ஆனால் நான்கு ஆறுகளின் மீன்களும் ஒன்றல்ல. உலகம் முழுக்கத் தொட்டிகளில் நீந்தும் செரி பார்பும் பிளாக் ரூபியும் களனியிலிருந்து நில்வலா வரை உள்ள ஈரவலயத்து ஆறுகளின் மீன்கள். செரி பார்புக்கு 1929இல் பெயர் வைத்தவர் பி.ஈ.பி. தெரணியகல, கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக இருந்தவர். அடுத்த ஆண்டு, 1930இல், தீச்சுவாலை நிறத்தில் இருக்கும் தீ ரஸ்போரா என்ற சின்ன மீனுக்கும் அவரே பெயர் வைத்தார். பிளாக் ரூபி அதற்கும் மிக முந்தி, 1868இலேயே, குந்தர் என்ற ஜெர்மானியரால் விவரிக்கப்பட்டது. இவற்றைத் தேடி யாரும் சீனாவுக்கோ சியாமுக்கோ போக வேண்டியதில்லை. ஆசியத் தொட்டி வேண்டும் என்று கேட்கிற றக்வான டீச்சருக்கு, மலைக்கு அந்தப் பக்கத்து ஓடையிலேயே முழுக் கூட்டமும் இருக்கிறது.

எனக்குப் பிடித்த வழி இதுதான். ஒரு நாட்டின், ஒரு வலயத்தின், முடிந்தால் ஓர் ஆற்றின் மீன்களைச் சேர்ப்பது. தண்ணீரின் மென்மை, வெப்பம், நிழல், ஓட்டம் எல்லாம் ஒன்றாகவே பொருந்திவிடும். மிச்சமிருப்பது குணமும் அளவும் மட்டும்தான். செரி பார்பும் தீ ரஸ்போராவும் நிழலடித்த, இலைகள் கிடக்கும் ஆழமில்லாத ஓடைகளில் வாழ்பவை. இருபத்திரண்டு முதல் இருபத்தாறு பாகைவரை போதும். ஹீட்டர் வாங்கச் சொல்லி ஒருவரிடமும் காசு பிடுங்க வேண்டியதில்லை.

ஆனால் ஓர் ஓடையில் சேர்ந்து வாழ்கின்றன என்பதற்காக எல்லாமே ஒரு தொட்டியில் சேராது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் பையன்கள் வலையைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போய்விடுகிறார்கள். அதே ஓடைகளில் ஓடை விரால் இருக்கிறது. கூழாங்கல்லுக்கு அடியில் படுத்திருந்து அருகே வருவதை விழுங்கும். கோம்ப்டெயில் என்று வெளிநாட்டவர் சொல்லும் நம் நாட்டுக் கௌராமி இருக்கிறது. குஞ்சில் அடக்கமாக இருந்து, வளர்ந்ததும் தொட்டி முழுவதையும் தன்னுடையதாக்கிக்கொள்ளும். கல்லை நக்கித் திரியும் கல்லொட்டி மீன் இருக்கிறது. பாசி தின்னும் என்று பிடித்து வருவார்கள், பெரிதாக வளரும், ஓட்டமில்லாத நீரில் மெலிந்து சாகும். நெற்றியில் வெள்ளிப்புள்ளியோடு மேல்மட்டத்தில் நிற்கும் அப்ளோசைலஸ் மெல்லிய மீன்தான், ஆனாலும் அதன் வாய் அகலமானது. அரை விரல் ரஸ்போரா அந்த வாய்க்குள் போகும். ஓடையில் பலவீனமான மீனுக்கு ஓட இடம் உண்டு, ஒளிய வேர் உண்டு. இரண்டடியில் இரண்டும் இல்லை. அதனால் மீனை வாங்கும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது வாயை. இன்றைய வாயை அல்ல, முழு வளர்ச்சி வந்த பிறகு இருக்கப்போகும் வாயை.

செரி பார்பும் பிளாக் ரூபியும் ஒரே கடையில், ஒரே விலையில் இருக்கும். இரண்டையும் ஒன்றாக வாங்குவார்கள். இரண்டும் ஐந்து, ஆறு சென்டிமீற்றருக்குள்தான். ஆனால் பிளாக் ரூபி உடல் தடித்த, ஓடித் திரியும், வேகமாகத் தின்னும் மீன். இரண்டரை அடிக்குக் குறைந்த தொட்டிக்கு அதை நான் கொடுப்பதில்லை. ஆண் மீன் முதிர்ந்தால் தலை கருஞ்சிவப்பாகி உடல் முழுக்கக் கறுத்துவிடும். நம் நாட்டு மீன்களில் அதற்கு ஈடான கம்பீரம் வேறு எதற்கும் இல்லை என்பது என் கருத்து. கடைத் தொட்டியில் வெளிச்சத்திலும் வெள்ளைக் கல்லிலும் அது சாம்பல் நிறத்தில் நிற்கும். அதனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடையில் ஒரு தொட்டிக்கு அடியில் கறுத்த சல்லி போட்டு, பின்பக்கம் கறுப்புக் காகிதம் ஒட்டி, வெளிச்சத்தைக் குறைத்துவிட்டேன். அந்தத் தொட்டியிலிருந்து மட்டும் பிளாக் ரூபி விற்கிறது.

பொருத்தத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அதிகம் சொல்லாத விஷயம் சாப்பாட்டு நேரம். இரண்டு மீன்கள் ஒன்றையொன்று தொடாமலேயே ஒன்று மற்றதைக் கொல்ல முடியும். தீ ரஸ்போராவின் வாய் சின்னது, சுபாவம் கூச்சமானது. உணவு விழுந்ததும் பாய்ந்து வராது. கொஞ்சம் பொறுத்து, நடுமட்டத்தில் மிதந்து இறங்குவதைத் தேர்ந்தெடுத்துத் தின்னும். பிளாக் ரூபியோடு விட்டால் அது வருவதற்குள் எல்லாம் தீர்ந்துவிடும். சண்டை இல்லை, காயம் இல்லை, நோய் இல்லை. மாதக்கணக்கில் வயிறு ஒட்டி, ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். அதனால் ஒரு கூட்டத்தைச் சேர்த்த பிறகு முதல் சில நாட்கள் சாப்பாடு போட்டுவிட்டுப் போய்விடாமல் முன்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எல்லா வயிறும் உருண்டிருக்கிறதா என்று பார்ப்பதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

டீச்சருக்கு நான் சொன்ன கூட்டம்: செரி பார்ப் எட்டு, அதில் மூன்று ஆண், ஐந்து பெண், தீ ரஸ்போரா எட்டு. மீன் அவ்வளவுதான். செரி பார்ப் நடுவிலும் அடியிலும் செடிகளுக்கிடையே மேயும். ரஸ்போரா நடுவிலும் சற்று மேலேயும் நிற்கும். மட்டம் பிரிந்துவிட்டால் பாதிச் சண்டை இல்லை. ரஸ்போரா கிடைக்காவிட்டால் மலாயா, சுமாத்திராவின் ஹார்லெக்குவின் ரஸ்போராவை எடுக்கலாம்; அதுவும் மென்னீர் மீன், குணமும் அதேதான். அடியில் ஊர ஏதாவது வேண்டும் என்று அவர் மன்றாடினார். குலி லோச் நாலைந்து பின்னால் சேர்க்கலாம், ஆனால் கூர்மையான கல் இருந்தால் வேண்டாம், மெல்லிய மணலில் புதைந்து படுக்கும் மீன் அது என்றேன்.

விடும் வரிசையும் முக்கியம். கூச்ச மீன் முதலில். ரஸ்போரா வந்து, ஒளியும் இடங்களைப் படித்து, ஒரு கிழமை, இரண்டு கிழமை பழகிய பிறகு செரி பார்ப். முதலில் வந்தவருக்கு இடம் தெரிந்திருக்கும். இது கௌராமி, லோச் எல்லாவற்றுக்கும் பொருந்தும். முரட்டு மீனை முதலில் விட்டுவிட்டால், பின்னால் வருகிறவற்றை அது தன் வீட்டுக்குள் நுழைந்தவர்களாகவே நினைக்கும். அப்படி ஏற்கெனவே விட்டவர்களுக்கு ஒரு வழி உண்டு: புதிய மீன் விடும் நாளில் கல்லையும் கட்டையையும் இடம் மாற்றிவையுங்கள். பழையவருக்கும் எல்லாம் புதிதாகிவிடும்.

இனிக் கல். கொழும்பிலிருந்து வரும் பக்கெட்டுகளில் வெள்ளைச் சலவைக்கல் துண்டுகள் அழகாக இருக்கும். அதில் சுண்ணாம்பு. நம் மென்னீரை அது சில கிழமைகளில் வன்னீராக்கிவிடும்; ரஸ்போராவுக்கு அது ஆகாது. வாங்குமுன் ஒரு கல்லின் மேல் தேசிக்காய்ச் சாறு விடுங்கள். பொங்கினால் வேண்டாம். கருங்கல் சல்லி போதும்.

செடிக்கு எங்கும் போக வேண்டாம். உலகத்து மீன் தொட்டிகளில் அதிகம் நடப்படும் கிரிப்டோ செடிகளில் பல நம் நாட்டில் மட்டுமே இயற்கையாக வளர்பவை. வென்ட்டி, பெக்கெட்டி, வாக்கரி எல்லாம் நம் நாட்டு ஓடைச் செடிகள். காட்டு நிழலில் வளர்ந்தவை என்பதால் பெரிய விளக்கு, காபன்டையொட்சைட்டு உருளை ஒன்றும் கேட்காது. நட்ட புதிதில் இலைகள் கரைந்து விழும். செத்துவிட்டது என்று பிடுங்கிப் போடாதீர்கள். வேர் இருக்கும், ஒரு மாதத்தில் புது இலை வரும். தண்ணீருக்குக் கொஞ்சம் தேயிலைச்சாய நிறம் வேண்டுமென்றால் காய்ந்த கொட்டம்பா இலை ஒன்றை, நாட்டு வாதுமை என்பார்களே அதை, கழுவிப் போடுங்கள். ரஸ்போராவின் கூச்சம் அந்த மங்கலில் பாதி போய்விடும்.

நம் தண்ணீருக்கு ஒரு பலவீனமும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. சுண்ணாம்பு இல்லாத தண்ணீர் அமிலத்தைத் தாங்காது. மீனின் கழிவும் மிச்ச உணவும் அழுகி அமிலமாகும்போது அதை அடக்க நீரில் ஒன்றும் இல்லை. பீஎச் பெறுமானம் சத்தமில்லாமல் ஆறுக்கும் கீழே, ஐந்துவரை இறங்கிவிடும். பில்டர் ஸ்பொன்ஞ்சில் குடியிருந்து அமோனியாவை நைத்திரைற்றாகவும் நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்டீரியாக்கள் அந்த அமிலத்தில் சோர்ந்துவிடும். கிழமைக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுவதுதான் மருந்து. புதுத் தொட்டியில் அந்தப் பக்டீரியாக்கள் குடியேற நாலு முதல் ஆறு கிழமை பிடிக்கும். தொட்டி வாங்கிய அன்றே மீனும் கேட்பவர்களுக்கு நான் என் பழைய தொட்டியின் ஸ்பொன்ஞ் ஒன்றைப் பிழிந்து கொடுக்கிறேன். அந்த அழுக்குத் தண்ணீரைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். காசு கொடுத்து வாங்கும் எந்தப் போத்தல் மருந்தும் அதற்கு ஈடாகாது.

இதே கணக்குத்தான் மீனை இடம் மாற்றும்போதும். மாதம்பைச் சந்தி வழியாக எம்பிலிப்பிட்டியவுக்கு இறங்கினால் வெயிலும் மாறும், தண்ணீரும் மாறும். அங்கே கிணற்றில் சுண்ணாம்பு. அமில நீரில் அமோனியாவின் பெரும்பகுதி மீனுக்குத் தீங்கில்லாத அமோனியமாக இருக்கும். அதே அழுக்கைக் கார நீரில் கொண்டுபோய் வைத்தால் நஞ்சாகிவிடும். நீண்ட தூரம் பொலித்தீன் பையில் வந்த மீனுக்கும் இது பொருந்தும். மூடிய பைக்குள் மீன் விடும் கரியமில வாயு நீரை அமிலமாக்கி, சேர்ந்த அமோனியாவை அடக்கிவைத்திருக்கும். வீட்டுக்குப் போய்ப் பையைத் திறந்து, மெதுவாகப் பழக்குகிறேன் என்று துளித்துளியாகத் தொட்டித் தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் வைத்தால், வாயு வெளியேறி, பீஎச் ஏறி, அந்த அழுக்கு நீரிலேயே மீன் மூச்சுத் திணறும். தூரத்திலிருந்து வந்த பை என்றால் மூடியபடியே தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தை மட்டும் சமமாக்கி, திறந்ததும் வலையில் வடித்துத் தொட்டியில் விட்டுவிட வேண்டும். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. என் கடையிலிருந்து றக்வானக்குள்ளேயே போகும் பை என்றால் இந்த அவசரம் ஒன்றும் இல்லை, தண்ணீரும் ஒன்றுதான்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு டீச்சர், “இந்த மீனெல்லாம் ஆத்துல இருக்குன்னா புடிச்சிட்டு வந்தா சும்மா கிடைக்குமே?” என்றார். நியாயமான கேள்வி. காட்டை வெட்டி, நிழல் போன ஓடைகளிலும், மாணிக்கக் குழிகளின் சேறு கலங்கி ஓடும் நீரிலும் இந்த மீன்கள் ஏற்கெனவே குறைந்துகொண்டு வருகின்றன. மல்புலுத்தா என்ற அழகான சின்ன மீன் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. அதைப் பிடிக்கவே கூடாது. 1996ஆம் ஆண்டின் மீன்பிடிச் சட்டத்தின் கீழ் 1998இல் வந்த ஒழுங்குவிதிகள் சில மீன்களின் ஏற்றுமதியை முற்றாகத் தடுக்கின்றன, இன்னும் சிலவற்றுக்கு அனுமதி கேட்கின்றன. என் காரணம் சட்டம் மட்டும் இல்லை. செரி பார்பும் பிளாக் ரூபியும் தொட்டியில் சுலபமாகக் குஞ்சு வைக்கும். பண்ணையில் வளர்ந்தது கிடைக்கும்போது ஓடையில் இருப்பதைத் தொட நமக்கு என்ன தேவை?

பிடிப்பதைவிட விடுவதுதான் எனக்கு அதிகக் கவலை. இதற்கு எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. புலுத்தொட்ட வளைவுகளில் ஏறினால் வரும் சூரியகந்தப் பக்கம், வளவைக்குப் போகும் ஓர் ஓடையில் தீ ரஸ்போராக்கள் இருந்தன. அவை புது இனம் என்று 2013இல் விவரிக்கப்பட்டு, இலங்கை மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய ரொஹான் பெத்தியகொடவின் பெயரால் ரஸ்போரொய்ட்ஸ் ரொஹானி என்று பெயர் பெற்றன. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2018இல், ஹிரண்ய சுதசிங்கவும் பெத்தியகொடவும் மற்றவர்களும் மரபணுவைப் பார்த்து எழுதிய கட்டுரை, அது புது இனம் இல்லை, ஏற்கெனவே அறியப்பட்ட ரஸ்போரொய்ட்ஸ் பல்லிடஸ்தான், வேறோர் ஆற்றிலிருந்து யாரோ கொண்டுவந்து விட்டது என்று காட்டியது. தன் பெயரைத் தாங்கிய இனத்தை நீக்கும் கட்டுரையில் அவரே ஓர் ஆசிரியராக இருந்தார் என்பதை நான் மரியாதையோடு நினைக்கிறேன். 1980களில் ஆய்வாளர்களும் அருகிவரும் மழைக்காட்டு மீன்கள் சிலவற்றை மகாவலியின் மேல் ஓடைகளுக்குக் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார்கள். ஆனால் எந்த மீன், எங்கிருந்து, எங்கே என்று குறித்து வைத்து, 1990இல் எரிக் விக்ரமநாயக்க அதை வெளியிட்டார். சூரியகந்தவில் விட்டவர் ஒன்றும் எழுதிவைக்கவில்லை. நல்ல எண்ணத்தோடுதான் விட்டிருக்கலாம். ஒரு பை மீன், நாட்டின் மீன் பட்டியலையே பிழையாக்கிவிட்டது.

அது நம் நாட்டு மீன் என்பதால் பிழை பட்டியலோடு நின்றது. வெளிநாட்டு மீன் என்றால் அப்படி நிற்காது. டேங்க் கிளீனர் என்று விற்கும் சக்கர் மீன் ஒரு முழம் வளர்ந்து, வைத்திருக்க இடமில்லாமல், ஓயாவில் ஊற்றப்படுகிறது. கத்தி மீன்கள் மேல் மாகாணத்து நீர்நிலைகளில் பெருகி நாட்டு மீன்களைத் தின்கின்றன. சக்கர் மீனை நான் விற்பதை நிறுத்திவிட்டேன். இன்றும் கேட்டு வருகிறார்கள், கண்ணாடிப் பாசியைத் துடைக்க ஒரு துண்டு ஸ்பொன்ஞ் கொடுத்து அனுப்புகிறேன். வளர்க்க முடியாமல் போன எந்த மீனையும், யாரிடம் வாங்கியதாக இருந்தாலும், என் கடையில் திருப்பி எடுத்துக்கொள்வேன். காசு கொடுக்க மாட்டேன், காசு கேட்கவும் மாட்டேன். சில நாட்களில் வாசலில் வாளியோடு யாராவது நிற்பார்கள். உள்ளே கோல்ட் பிஷ், ஆஸ்கர், ஒரு தடவை ஆமைக்குட்டிகூட. இடம் நெருக்கடிதான், பின்பக்கம் ஒரு சீமெந்துத் தொட்டி கட்டிவிட்டேன்.

டீச்சரின் தொட்டியில் செரி பார்ப் முட்டையிட்டது. பெற்றோரே முட்டையைத் தின்றுவிடும் என்பதால், செடியோடு சேர்த்து முட்டைகளைப் பிளாஸ்டிக் பேசினுக்கு மாற்றச் சொல்லியிருந்தேன். முதல் நாட்களில் கொடுக்கத் தூள் உணவும், பிறகு கொடுக்க, உப்புத் தண்ணீரில் பொரிக்கும் ஆர்ட்டீமியா முட்டையும் கொடுத்தனுப்பினேன். பாடசாலைப் பிள்ளைகள் முறைவைத்து ஆர்ட்டீமியா பொரிக்கிறார்கள். குஞ்சுகள் பெருவிரல் நகம் அளவு வந்ததும் அவர் கொண்டுவந்தார், நான் வாங்கிக்கொண்டேன். இப்போது மேட்டு லயத்திலும் பணிய லயத்திலும் பஸாரிலும் விற்கும் செரி பார்பில் ஒரு பகுதி அவர் வீட்டுக் குஞ்சுகள். அந்தப் பைகளில் நான் ஒரு தாள் ஒட்டுகிறேன். எந்த மீன், எங்கே பிறந்தது, எத்தனை ஆண், எத்தனை பெண், கிழமைக்கு எவ்வளவு தண்ணீர் மாற்றுவது, கடைசியில் ஓடையில் விட வேண்டாம், கடைக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று. தமிழில் எழுதியது நான். சிங்களத்தில் டீச்சரின் பாடசாலைப் பிள்ளைகள் எழுதித் தந்திருக்கிறார்கள்.